ஐப்பசிக் குளிரும் வரப்போகும் மழையும்

(தாராபுரம் தாலுகாவைச் சேர்ந்த ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று விடியற்காலையில் பால் ஊற்ற வந்தவர்களில் பாதிப்பேர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டும், கம்பளியைப் போர்த்திக்கொண்டும் வந்தார்கள். ஐப்பசி மாசம் இன்னும் பாதிகூடக் கழியவில்லை. மார்கழியில் வரவேண்டிய குளிர் இப்பொழுதே வந்துவிட்டதே என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். "பனி இறங்கிவிட்டது, இனி மழை ஏது?" என்றார் ஒரு பெரியவர். "இப்பொழுதே இப்படியென்றால் தை மாசம் எப்படியிருக்குமோ!" என்றார் மற்றொருவர். இவ்விரண்டு பேச்சும் வருஷந்தோறும் கேட்கும் பேச்சுதான். ஆனால் மூன்றாமவர் சொன்னதுதான் எனக்குக் கவலையைக் கொடுத்தது. விதைக்கொள்ளு வாங்குவதற்காக வைத்திருந்த பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிட்டதாகவும், விதைக்கப் போவதில்லையாகையால் பயிர்க் காப்பீட்டிற்குப் பணம் கட்டும் உத்தேசமும் இல்லையென்றும் அவர் சொன்னார். மூன்று நாள் குளிரைக் கண்டு ஒரு குடியானவர் தம்முடைய ஒரு வருஷத்துப் பண்ணையத்தைத் தீர்மானித்துவிட்டார். அந்தக் குளிர் அவ்வளவு பெரிய தீர்மானத்திற்குத் தகுந்த சாட்சிதானா என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் ஊரின் இருப்பை முதலில் நினைத்துப் பாருங்கள். மேற்கே பாலக்காட்டுக் கணவாய். அதன் இரு பக்கமும் நீலகிரியும் ஆனைமலையும். தெற்கே பழனிமலை. ஆனியிலும் ஆடியிலும் மலையாளக் கரையில் கொட்டித் தீர்க்கும் மழை நம்மை வந்தடையும்போது வெறுங்காற்றாகிவிடுகிறது. அந்தக் காற்றைக்கொண்டு இன்று நம் காடுகளில் மின்சாரக் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆனால் அது கிணற்றில் ஒரு சாண் நீரையும் ஏற்றுவதில்லை. அமராவதி ஆற்றின் பாசனத்தை உடையவர்களுக்கு மட்டும் மேற்கத்திய மழை மலையிலிருந்து ஆறாக இறங்கி வருகிறது. மானாவாரிக் காட்டை நம்பியிருக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு ஐப்பசி, கார்த்திகை மாசங்களில் கீழ்காற்றுக் கொண்டுவரும் மழையே ஜீவனம். ஆகையால் அந்த மாசங்களில் வானத்தைப் பார்த்துப் பலன் சொல்வது நம்மவர்களுக்குப் பொழுதுபோக்கல்ல. சோற்றைப் பற்றிய யோசனை.

இனிக் குளிரைப் பற்றிச் சொல்லுகிறேன். ஐப்பசியில் வரும் குளிர் ஒரே ஜாதியைச் சேர்ந்ததன்று. இரண்டு ஜாதிக் குளிர் உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்துதான் தவறு உண்டாகிறது.

முதலாவது, மூடாக்குக் குளிர். வங்காளக் குடாக்கடலில் காற்றழுத்தம் தாழ்ந்து, மேகம் நாடு முழுவதையும் மூடிக்கொள்ளும்போது சூரிய வெப்பம் தரைக்கு எட்டுவதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும் குளிர்கிறது. ஆனால் இரவில் அதிகமாகக் குளிர்வதில்லை. பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் சொற்பம். மேகம் ஒரு கம்பளியைப்போல் தரையின் சூட்டைப் போகவிடாமல் காக்கிறது.

இரண்டாவது, வெட்டவெளிக் குளிர். இன்று காலை நாம் கண்டது இதுதான். ஆகாயம் நிர்மலமாக இருக்கிறது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சூரியன் அஸ்தமித்ததும், பகலெல்லாம் தரை வாங்கிவைத்த வெப்பம் தடையில்லாமல் ஆகாயத்திற்குப் போய்விடுகிறது. விடியற்காலையில் கட்டுத்தரையில் நிற்கும் மாடு மயிர் சிலிர்த்து நிற்கிறது. நடுப்பகலில் 32 டிகிரியும் விடியலில் 19 டிகிரியும் இருக்குமானால், அது இந்த ஜாதிக் குளிர் என்று நிச்சயிக்கலாம்.

இந்த வெட்டவெளி ஐப்பசியில் ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். குடாக்கடலில் தோன்றும் புயல்கள் எல்லாம் நம்மிடம் வருவதில்லை. சில, ஆந்திரக் கரைக்கும் ஒரிசாவுக்கும் வங்காளத்திற்கும் போய்விடுகின்றன. புயலைச் சுற்றிக் காற்றுச் சுழலும் திசை நம் நாட்டில் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிரிடையானது. ஆகவே புயல் வடகிழக்கே நிற்கும்போது, அதன் மேற்குப் பாகத்தில் வடக்கிலிருந்து தரைமேல் வரும் வறண்ட காற்று நம் பக்கம் இழுக்கப்படுகிறது. கடலிலிருந்து வரவேண்டிய ஈரக்காற்று நின்றுவிடுகிறது. மேகம் கலைகிறது, குளிர் வருகிறது. புயல் கரையேறி அழிந்ததும் இந்த இழுப்பு நீங்குகிறது. சில நாட்களில் கீழ்காற்று மறுபடியும் திரும்பிவிடக்கூடும். புயல் இல்லாத காலத்திலும் வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்யும் சுபாவமுடையது. நாலு நாள் பெய்யும், பத்து நாள் நிற்கும். நிற்கிற நாட்களில் குளிரும். ஆகையால் இந்தக் குளிர், மழை இப்பொழுது நின்றிருக்கிறது என்பதற்குச் சாட்சி. மழை முடிந்துவிட்டது என்பதற்கு அது சாட்சியாகாது.

பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புல்லின்மேல் முத்துமுத்தாகப் பனி இருப்பதைக் கண்டு மழை போய்விட்டது என்று வருந்துகிறோம். தரைக்கு அருகில் உள்ள காற்றில் ஈரம் இருந்தாலொழிய அவ்வளவு பனி இறங்காது. அந்த ஈரம் பெரும்பாலும் முன்வாரம் பெய்த மழையினால் நனைந்த மண்ணிலிருந்து வந்தது. கனத்த பனி என்பது பெய்த மழையின் கணக்கு. பெய்யப்போகும் மழையின் கணக்கை அதில் தேடுவது, சென்ற மாசத்து வரவுப் புஸ்தகத்தைப் பார்த்து அடுத்த மாசத்து வரவைச் சொல்வது போலாகும்.

என் தாய்மாமன் ஒருவர் இந்தக் குளிரை நம்பி நஷ்டப்பட்டதை நான் சிறுவனாக இருந்தபோது கண்ணாரக் கண்டேன். அவருக்கு மூலனூர்ப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் மானாவாரிக் காடும், கிளுவை வேலி போட்ட கொரங்காடு ஒன்றும் இருந்தன. காங்கயம் மாடுகள் ஆறு, செம்மறிகள் முப்பது. அந்த வருஷம் புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்தது. ஐப்பசி பத்தாந்தேதி வாக்கில் குளிர் இறங்கியது. மாமன் மழையின் குறி அறிந்தவர் என்று பேர்பெற்றவர். நாலு ஊரார் அவரிடம் வந்து கேட்டுப்போவார்கள். அவர் இனி மழையில்லை என்று தீர்மானித்தார். காட்டுக்கு எடுத்துவைத்த விதையை விற்றார். அத்துடன் நின்றாரா? ஊரெல்லாம் தீவனத்திற்குத் தவிக்கப் போகிறது, இப்பொழுதே விலை ஏறிவிட்டது என்று எண்ணித் தட்டுப்போரில் பாதியையும் விற்றுவிட்டார். கார்த்திகை முதல் வாரத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் கொள்ளும் சோளமும் விதைத்திருந்தார்கள். அவர்களுக்கு முளைப்புப் பிரமாதம். மாமன் காட்டில் கோரையும் அறுகும் முளைத்தன. பங்குனியில் அவர் விற்ற தட்டையே இருமடங்கு விலை கொடுத்து வாங்கினார். "வானம் என்னை ஏமாற்றிவிட்டதப்பா" என்று என் தகப்பனாரிடம் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வானம் ஏமாற்றவில்லை. அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாக மாமன் எடுத்துக்கொண்டார். அவர் தனியாகத் தவறியிருந்தால் ஒரு காடு மட்டும் தரிசாகியிருக்கும். அவரிடம் குறி கேட்டுப்போனவர்களில் மூன்று பேர் காடும் தரிசாயிற்று. அந்த மூவரும் பிறகு அவருடன் முன்போல் முகங்கொடுத்துப் பேசவில்லை.

கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்பதைக் கர்ணனுக்குப் பின் கொடை இல்லை என்பதோடு சேர்த்துச் சொல்வது நம்மவர் வழக்கம். பெரும்பாலான வருஷங்களுக்கு அது பொருந்தும். ஆனால் 2023-ஆம் வருஷம் மார்கழி பிறந்த மறுநாள், அதாவது டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில், தூத்துக்குடி ஜில்லா காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் தாலுகாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்வதற்கும் அதிகமான மழை அது. 2021-ஆம் வருஷத்திலோ தைப்பொங்கலும் கழிந்து, ஜனவரி 19-ந் தேதிதான் வடகிழக்குப் பருவமழை விலகியதாக அறிவிக்கப்பட்டது. அந்த மாசத்து மழையில் தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து முளைத்தது. மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். 2016-ஆம் வருஷத்தில் மழை வரும் வரும் என்று மார்கழி வரையில் காத்திருந்தோம். டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைச் சூறையாடியது. அப்படியிருந்தும் மாநிலத்தின் மொத்தக் கணக்கில் அந்தப் பருவத்து மழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்துபோயிற்று. பழமொழியை நம்பினவரும் கெடலாம், நம்பாதவரும் கெடலாம் என்பதற்கு இவை உதாரணம்.

இப்படிக் குளிரைக்கொண்டு மழையை ஊகிப்பது பாமர ஜனங்களின் வழக்கம் மாத்திரமே என்று எண்ணவேண்டாம். சர்க்காரே அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1876-ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் மழை பொய்த்து, 1878 வரையில் நீடித்த தாது வருஷப் பஞ்சம் உண்டாயிற்று. கோயமுத்தூர் ஜில்லாவும் அதில் கொடிய துன்பத்திற்குள்ளாயிற்று. மழையை முன்கூட்டி அறிய வழி தேடவேண்டுமென்று அதன்பின் பெருமுயற்சி பிறந்தது. 1875-இல் ஸ்தாபிக்கப்பட்ட இந்திய வானிலை இலாகாவின் தலைவர் பிளான்போர்டு என்பவர், இமயமலையில் உறைபனி அதிகமாக விழுந்த வருஷத்தில் பருவமழை குறைகிறது என்று கருதினார். அந்த ஆதாரத்தைக்கொண்டு 1886-ஆம் வருஷம் முதல் ஒழுங்காக முன்னறிவிப்பு வெளியிடப்பட்டது. நம் மாமன் கட்டுத்தரையில் பார்த்த குறியை அவர் இமயமலையில் பார்த்தார் என்று சொன்னால் குற்றமில்லை. அவர் வருஷாவருஷம் எழுதிவைத்து ஒப்பிட்டார் என்பதுதான் வித்தியாசம். அவருக்குப் பின் வந்த எலியட் துரை இன்னும் பல குறிகளைச் சேர்த்து, 1899-இல் நல்ல மழை பெய்யும் என்று அறிவித்தார். அந்த வருஷமோ கொடிய பஞ்சமாயிற்று.

1904 முதல் 1924 வரையில் தலைமை வகித்த ஸர் கில்பர்ட் வாக்கர் கணித சாஸ்திரி. உலகத்தின் பல இடங்களிலுள்ள காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றின் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக் சமுத்திரத்தில் ஒரு பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்து சமுத்திரப் பக்கம் இறங்குவதையும், மாறி வருவதையும் அவர் கண்டு எழுதினார். இன்று பத்திரிகைகளில் எல் நினோ, லா நினா என்று படிக்கிறோமே, அதன் காற்றுப் பகுதி இதுதான். பசிபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்தைவிடச் சூடேறிய எல் நினோ வருஷங்களில் நமது வடகிழக்குப் பருவமழை கூடுவதும், குளிர்ந்த லா நினா வருஷங்களில் குறைவதும் பொதுவான போக்கு. 2015-இல் எல் நினோ வலுத்திருந்தது. தமிழ்நாட்டில் பெருமழை பெய்தது. ஆனால் 2010-இலும் 2021-இலும் லா நினா இருந்தும் மழை வழக்கத்திற்கு மிஞ்சியே பெய்தது. பத்தாயிரம் மைல் சமுத்திரத்தை அளந்து சொல்லும் குறியே இப்படிச் சில வருஷங்களில் தவறுமானால், மூன்று நாள் குளிரின் மதிப்பை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேல்நாட்டுக் குடியானவர்களும் நம்மைப் போன்றவர்களே. கம்பளிப் புழுவின் உடலிலுள்ள பட்டையைப் பார்த்தும், வெங்காயத்தின் தோல் தடிப்பைப் பார்த்தும் வரப்போகும் குளிர்காலத்தைச் சொல்வார்கள்.

நமது பழைய குறிகள் எல்லாவற்றையும் தள்ளிவிடவேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஒரு நாள், இரண்டு நாளைக்குள் நடக்கப்போவதைக் காட்டும் குறிகளில் காரணமுள்ளவை உண்டு. சந்திரனைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை என்பது வீண்பேச்சன்று. மிக உயரத்தில் மெல்லிய பனித்துகள் மேகம் பரவும்போது அவ்வட்டம் தோன்றுகிறது; புயலுக்கு முன்னோடியாக அத்தகைய மேகம் வருவதுண்டு. ஆனால் ஆறு மாசத்திற்கு அப்பால் சொல்லும் குறிகளை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கர்ப்போட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியின் நடுவில் தொடங்கி, சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் பதினான்கு நாட்களில் மேகம் ஓடும் விதத்தைப் பெரியவர்கள் கவனிப்பார்கள். வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் மேக கர்ப்பம் 195 நாளில் மழையாகப் பிரசவிக்கும் என்ற கணக்கு உண்டு. அந்த 195 நாளை எண்ணிப் பாருங்கள். ஜூலை மாசத்தின் பின்பாதி வருகிறது. அது வடதேசத்திற்கு அடைமழைக் காலம். நமக்கு மேல்காற்று மண்ணை வாரி வீசும் ஆடி மாசம். உஜ்ஜயினிக்குப் பொருந்திய கணக்கைத் தாராபுரத்தில் போட்டால் விடை எப்படிச் சரியாகும்? நம் பக்கத்தில் ஒவ்வொரு நாளையும் பின்வரும் ஒரு நட்சத்திரக் காலத்திற்கு ஒப்பிட்டுச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் மறுக்கவில்லை. எழுதிவைத்துக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? இந்திய வானிலை இலாகா செப்டம்பர் கடைசியை ஒட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையைப் பற்றித் தென்னாட்டிற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஜில்லாவாரியாக ஒரு கணிப்பைச் சொல்கிறது. இவற்றைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. வழக்கத்திற்கு மேல் பெய்யும் சாத்தியம் அதிகம் என்றால், ஒவ்வொரு கிராமத்திலும் பெய்யும் என்று அர்த்தமில்லை. நம் காட்டில் பெய்யும் மழை பக்கத்து ஊரில் வரப்பைக்கூட நனைக்காமல் போவதை நாம் அறிவோம். பருவத்துக் கணிப்பைக்கொண்டு எவ்வளவு கடன் வாங்கலாம், எந்தப் பயிரை அதிகமாக வைக்கலாம் என்று யோசிக்கலாம். எந்த நாளில் விதைப்பது, எந்த நாளில் மருந்து அடிப்பது என்பதற்கு, செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் வெளியாகும் ஐந்து நாள் வேளாண் வானிலை அறிக்கையே உதவி. அது கைபேசியிலேயே வருகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்துச் சொல்லலாம்.

குளிர் உண்மையில் எதற்கு முக்கியம் என்றால், நிற்கிற பயிருக்கு முக்கியம். கரிசல் காட்டில் கொண்டைக்கடலைக்கு இக்குளிர் விரோதியன்று; அது கேட்டு வாங்கும் பயிர். மண்ணில் ஈரம் இருக்கும்போதே விதைத்துவிட்டால் பிறகு குளிரிலும் பனியிலும் வளர்ந்துவிடும். கொள்ளும் ஏறக்குறைய அப்படியே. சின்ன வெங்காயம் வைத்தவர்கள் மாத்திரம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். தாளின்மேல் பனி நெடுநேரம் நின்றால் பூசண நோய்கள் பற்றும். மாலையில் தெளிப்புநீர் விடுவதைத் தவிர்த்துக் காலையில் விடுவது நல்லது. முருங்கையில் பூ உதிர்வதைக் கண்டு மரத்தை வெட்டவேண்டாம். மழையிலும் குளிரிலும் பூ உதிர்வது அதன் சுபாவம். அதனாலேதான் கார்த்திகை, மார்கழியில் காய்க்கு அந்த விலை விற்கிறது.

செம்மறிகளைப் பற்றி அவசியம் ஒன்று சொல்லவேண்டும். இக்காலத்தில் ஆடு மூக்கொழுகி, வாய் வீங்கி, நொண்டினால் குளிர் தாக்கிவிட்டது என்று மஞ்சளை அரைத்துத் தடவிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். அது நீலநாக்கு நோயாக இருக்கலாம். மழையினால் ஏற்படும் சேற்றிலும் சாணத்திலும் பெருகும் கொசுவினும் சிறிய ஒரு பூச்சி கடிப்பதனால் பரவும் கிருமி நோய் அது. குளிர் அதற்குக் காரணமன்று. தடுப்பூசி உண்டு, நோய் வந்தபின் போடுவதற்காகக் காத்திருக்கக்கூடாது. பட்டியை மேட்டில் போட்டு, சாயங்காலத்தில் வேப்பந்தழைப் புகை மூட்டுவதும் உதவும்.

காலையில் பேசின அங்கத்தினர் இப்பொழுதும் இங்கே இருக்கிறார். அவரிடம் நான் தனியாகச் சொன்னதையே சபையிலும் சொல்லுகிறேன். அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அவருடைய ஐந்து ஏக்கரில் மூன்றிலாவது ஈரம் காய்வதற்குள் கொள்ளை விதைக்கட்டும். மிச்சத்தை அடுத்த மழைக்கு வைத்துக்கொள்ளட்டும். மழை வந்தால் மூன்றும் ஐந்தாகும். வராவிட்டாலும் மூன்று ஏக்கர் விதையின் விலைதான் போகும், கொள்ளுச் செடி கொஞ்சம் தலைகாட்டினாலும் ஆட்டுக்கு ஆகும். தட்டுப்போரைத் தை முடியும்வரையில் ஒருவரும் விற்கவேண்டாம். காப்பீட்டின் கடைசித் தேதி பயிருக்குப் பயிர் வேறுபடும். உணவுத் தானியம், பயறு, எண்ணெய்வித்து ஆகியவற்றுக்கு இந்தப் பருவத்தில் குடியானவர் கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். வியாபாரப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் ஐந்து ரூபாய்வரை. நம் பிர்க்காவில் அறிவிக்கப்பட்ட பயிர்களின் ஜாபிதாவைக் காரியதரிசி நாளைக் காலையில் கதவில் ஒட்டிவைப்பார். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து அந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள் சென்ற வருஷங்களில் நம் சங்கத்திலேயே உண்டு.

கடைசியாக ஒரு சமாசாரம். நிர்வாகக் கமிட்டியார் சம்மதித்து, ஒரு மழைமானியும், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் உஷ்ணமானி ஒன்றும் வாங்கியாயிற்று. உஷ்ணமானி, வெயில் படாத வடபுறத் தாழ்வாரத்தில் நெஞ்சளவு உயரத்தில் மாட்டப்படும். மழைமானியை நெற்களத்தின் நடுவில், மரமும் சுவரும் அண்டாத இடத்தில் வைக்கிறோம். பிள்ளைகள் அதில் கல் போடாமல் பெற்றோர் பார்த்துக்கொள்ளவேண்டும். தினந்தோறும் காலை எட்டரை மணிக்குக் கணக்கு எடுத்து நோட்டுப் புஸ்தகத்தில் எழுதப்படும்: இரவுக் குளிர், பகல் வெப்பம், மேகம் உண்டா இல்லையா, காற்று எந்தத் திசை, மழை எத்தனை மில்லிமீட்டர். பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறோம். குறி சொல்கிறவர்கள் யாராயினும், தாங்கள் கண்ட குறியையும் அதன் பலன் எத்தனை நாளில் என்பதையும் அதில் எழுதிக் கையெழுத்திடலாம். மார்கழியில் கர்ப்போட்டம் பார்க்கிறவர்களுக்குப் பதினான்கு பக்கங்கள் தனியாக ஒதுக்கப்பட்டுள்ளன. முதல் கணக்கு நாளைக் காலை எட்டரை மணிக்கு எடுக்கப்படும்; பால் ஊற்ற வருகிறவர்கள் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.